அன்புக்கு மைனஸ் போடும் பள்ளிக்கு ஒரு ஆச்சியின் திறந்த மடல்

என் பேத்தி படிக்கும் பள்ளியின் தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

சென்ற வெள்ளிக்கிழமை மாலை 5.40-க்கு, இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 42 குழந்தைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பொம்மை முகம், அதற்கு நேரே ஓர் எண். மேலே ஐந்து பெயர் பச்சையில், கீழே ஐந்து பெயர் சிவப்பில். தலைப்பு, ‘இந்த வார அன்பு நட்சத்திரங்கள்’. கடைசிப் பெயருக்கு நேரே மைனஸ் 9. அந்தப் பையனுக்கு வயது ஏழு.

கொஞ்ச நேரத்தில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு தகப்பனார், “கடைசி அஞ்சு பேரையும் தனியா உக்கார வைங்க மிஸ், மத்த பிள்ளைகளுக்கு டிஸ்டர்ப்” என்று எழுதினார். ஆறு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். மைனஸ் 9 வாங்கிய பையனின் அம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தேன், உறுப்பினர் பட்டியலில் அவர் எண்ணைக் காணோம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மருமகளுக்கு ஷிப்ட் வேலை என்பதால் அந்தக் குழுவில் இருப்பது என் எண். 34 வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, 2023-ல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பையும் வைத்துக்கொண்டு பாடம் எடுத்த வருடங்களே அதிகம். ஆகவே 42 பிள்ளைகளை ஒரு மிஸ் சமாளிக்கும் கஷ்டம் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மெஷினைக் கண்டு மிரளுகிற கிழவி என்றும் நினைக்க வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில், இந்தப் பட்டியலைப் போடும் ஆப்பை நீங்கள் அறிமுகப்படுத்தினீர்கள். உதவி செய்தால் ஒரு நட்சத்திரம். பகிர்ந்து சாப்பிட்டால் ஒரு நட்சத்திரம். அமைதியாக வரிசையில் நின்றால் ஒன்று. தள்ளினால், பேசினால், இடத்தை விட்டு எழுந்தால் ஒன்று கழியும். எல்லாம் ஸ்மார்ட் போர்டின் ஓரத்தில் நாள் முழுக்கத் தெரியும், பெற்றோரின் போனுக்கும் உடனே வரும். “படிப்பை மட்டுமில்லாமல் பண்பையும் அளக்கும் முதல் பள்ளி” என்றீர்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், மறைப்பானேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை. முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே கொண்டுவந்தாள். ரெண்டு மடக்குக் குடித்திருப்பேன்.

“ஆச்சி, இதுக்கு ஸ்டார் உண்டா?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “மிஸ் பாக்கலல்லா, அப்ப கிடைக்காது. நீ மிஸ்ஸுக்கு மெசேஜ் போடேன்” என்றாள். போட மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் தண்ணீர் கேட்டபோது, “நீயே எடுத்துக்கோ ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் எறும்புக்குச் சீனி வைத்த பிள்ளை இது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வகுப்பில் கற்றுக்கொடுத்த கணக்கை வீட்டில் சரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், வரைந்தால் நாடா வைத்த அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், கொடுத்தார்கள். பிறகு சான்றிதழ் பேச்சே இல்லாத நாளில் பேனாக்களை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. 2008-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளிடம் இதே போன்ற ஒன்றைப் பார்த்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துக்கொடுக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றதும் எடுத்துக்கொடுப்பது குறைகிறது. பரிசே காணாத குழந்தைகள் எப்போதும் போல் எடுத்துக்கொடுக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு இதையெல்லாம் வாசித்தேன். வாசித்தபோது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்றிருந்தது. சொம்பும் தண்ணீருமாக என் திண்ணைக்கே வரும் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. விளையாட்டு வேளையில் ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதிருக்கிறது. பேத்தி தூக்கிவிட்டிருக்கிறாள். உதவியதற்கு ஒரு நட்சத்திரம். தூக்கிவிடும்போது, “அழாதடி, ஒண்ணுமில்ல, ஊதிவிடுதேன்” என்றிருக்கிறாள். வகுப்பு நேரத்தில் தமிழ் பேசியதற்கு ஒன்று கழிவு. போனில் இரண்டு தகவலும் மூன்று நிமிட இடைவெளியில் வந்தன. கூட்டிக் கழித்தால் சைபர். அடுத்த முறை எப்படி ஆறுதல் சொல்வாய் என்று கேட்டேன். “டோன்ட் க்ரை” என்றாள். அப்புறம், “ஊதிவிடுதேன்னு இங்லீஷ்ல எப்பிடிச் சொல்லணும் ஆச்சி?” எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

இனி அந்த மைனஸ் 9-க்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

அந்தப் பையன் எங்கள் அடுத்த தெரு. சனிக்கிழமை சாயங்காலம் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேச விருப்பமில்லாமல்தான் கதவைத் திறந்தார். பிறகு போனை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நான்கு வாரத்தில் 31 கழிவு. ஒவ்வொன்றுக்கும் காரணமும் மணியும் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அந்த 31-ல் 22, ‘இடத்தை விட்டு எழுந்தது’. மணியைப் பார்த்தேன். பெரும்பாலும் காலை பத்தே காலிலிருந்து பதினொன்று வரை. அது என்ன பாடவேளை என்று பேத்தியிடம் கேட்டேன். கணக்கு. போர்டில் எழுதிப்போடுவதைப் பார்த்து எழுதும் நேரம். பையன் உட்காருவது கடைசிக்கு முந்தின பெஞ்சு.

34 வருடம் வகுப்பில் நின்ற யாருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் தட்டும். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். எதிர்ச் சுவரில் அம்மன் கோயில் கொடை விழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. “அதில என்னல எழுதிருக்கு?” என்றேன். “சாமி படம் போட்டிருக்கு” என்றான். எழுத்தை வாசி என்றால் கண்ணை இடுக்கினான், தலையைச் சாய்த்தான், மறுபடியும் சாமி படம் என்றான். தெருவைத் தாண்டிச் சுவருக்கு அருகில் போய் நின்றதும் கடகடவென்று வாசித்தான், வில்லுப்பாட்டு நேரம் வரைக்கும். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. அந்தப் பிள்ளையிடம் உண்மையிலேயே இருந்த மைனஸ் அது ஒன்றுதான்.

கண்ணாடி போட்டதும் அவன் சாதுவாகிவிடுவான் என்று சொல்ல வரவில்லை. சேட்டைக்காரப் பயல்தான், பேத்தியின் பென்சில் பெட்டியை உடைத்தவனும் அவனே. ஆனால் போர்டு தெரியாமல் எழுந்து போன பிள்ளைக்கு 22 தடவை கழிவு போட்டிருக்கிறோம். எந்த மணிக்கு, எந்தப் பாடத்தில் எழுந்தான் என்று அத்தனையும் உங்கள் ஆப்பிலேயே இருந்தது. ஏன் எழுந்தான் என்று கேட்கும் வேலையை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அரசுப் பள்ளியில் எத்தனையோ குறை உண்டு, நானே நாள் முழுக்கச் சொல்வேன். இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவக் குழு வந்து கண்ணையும் பல்லையும் பார்த்துவிட்டுப் போகும். உங்கள் பள்ளியில் கட்டண ரசீதில் ‘டிஜிட்டல்’ என்று ஒரு வரி இருக்கிறது, ‘கண்’ என்று ஒரு வரி இல்லை.

மிஸ் மேல் பழி போட்டுவிடாதீர்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். ஒரு நாளைக்கு இத்தனை புள்ளியாவது போட்டாக வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கணக்குக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று விசாரிக்க வேண்டாம். வாத்தியார்களுக்கு வாத்தியார்கள் சொல்லிக்கொள்வது காலங்காலமாக உள்ளதுதான். ஒரு கையில் சாக்பீஸ், ஒரு கையில் டேப் (டேப்லெட்). நாற்பத்திரண்டு முகத்தையும் பார்க்க வேண்டிய கண், பாதி நேரம் டேப்பில் முகம் தேடிக்கொண்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், பிள்ளைகள் 200-ஐத் தாண்டினாலும் ஓர் ஆசிரியருக்கு 40-க்கு மேல் கூடாது. உங்கள் வகுப்பில் 42.

நானும் உத்தமி இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்தக் கரும்பலகை மூலை ஞாபகம் இருக்கும். டீச்சர் வெளியே போனால் லீடர் சாக்பீஸை எடுத்து ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று பெருக்கல் வாங்கியவனுக்குப் பிரம்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ஏற்பாட்டை அப்படியே நடத்தினேன். லீடருக்குக் கடலை மிட்டாய் கொடுத்தவன் பெயர் பட்டியலில் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்கள் ஆப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூலைதான் தெரிகிறது. கலர் கூட்டியிருக்கிறார்கள், ‘டிங்’ என்று சத்தம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கரும்பலகைப் பட்டியல் சாயங்கால மணி அடித்ததும் டஸ்டரோடு போய்விடும். அம்மா அப்பாவுக்குத் தெரியாது, அடுத்த வீட்டுக்குத் தெரியாது, அடுத்த வருடத்து டீச்சருக்கும் தெரியாது. உங்கள் பட்டியலை அழிக்க டஸ்டர் எங்கே இருக்கிறது?

செயல்வழிக் கற்றல் என்று ஒன்று வந்தது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் முறை, ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவானது. எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, நான்கைந்து வருடத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. கற்றல் ஏணி, அட்டைகள், சுவரின் அடியில் பிள்ளைகள் எழுத ஆளுக்கொரு பலகை. அந்த அட்டைகளை அடுக்கி அடுக்கி எங்கள் இடுப்பு ஒடிந்தது, அது வேறு கதை. அதில் எனக்குப் பிடித்தது ஆரோக்கியச் சக்கரம். பல் தேய்த்தேனா, குளித்தேனா, நகம் வெட்டினேனா என்று பிள்ளையே தன் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் சரிபார்க்கக் கூடாது, மார்க் கிடையாது. முதல் வாரம் எல்லாரும் எல்லா நாளும் குளித்திருந்தார்கள், எங்கள் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும் என்பதை மறந்து. மூன்றாம் வாரம் ஒரு பெண் வந்து, “டீச்சர், நான் இன்னைக்குக் குளிக்கல. பொய்யா போடல” என்றாள். அவள் சொன்னதும் இன்னும் நாலு பேர் சொன்னார்கள். கேட்டால் எல்லாரும் மேலத்தெரு, குழாய் உடைந்து ஒரு வாரம். ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். குளித்தால் ஒரு நட்சத்திரம், குளிக்காவிட்டால் கழிவு என்று வைத்திருந்தால் அந்தக் குழாய் உடைந்த சேதி என் காதுக்கு வந்தே இருக்காது.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. 2011. என்னிடம் ஒரு சாதாரண பட்டன் போன், அதில் குரல் பதியும் வசதி இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்கும். வாசிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அவன் நிற்பதைப் போலவே நின்று காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பாள் ஒரு பெண், படு சுட்டி. திட்டினேன், முட்டி போட வைத்தேன். நான் திரும்பினால் மறுபடியும் நடிப்பாள். எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கும்போது அவனுக்குத் திக்கவில்லை என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தேன். தனியாக, யாரும் பார்க்காமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்போமே என்று, சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் அவனை உட்கார வைத்து, போனைப் பதிவில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

முதல் நாள் பதிவில் மூச்சுச் சத்தமும் காக்காயும்தான். இரண்டாம் நாள் ஆயாம்மா பாத்திரம் உருட்டும் சத்தத்துக்கு நடுவே ஒரு வரி. நான்காம் நாள் ஒரு பத்தி முழுக்க. நடுவில் இரண்டு இடத்தில் நின்றிருந்தான், பிறகு போயிருந்தான். வகுப்பில் போடட்டுமா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். போட்டதும் பிள்ளைகள் யார் குரல் என்று தேடினார்கள். அந்தச் சுட்டிப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவளுக்குப் போனைக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஆசை. சரி, இனிமேல் நீதான் பதிவுக்காரி என்றேன். ஒரே ஒரு விதி. வாசிப்பவர் ‘முடிஞ்சுது’ என்று சொல்லும் வரை நிறுத்தும் பொத்தானைத் தொடக் கூடாது.

அவனுடைய முறை வந்தபோது நான் ஓரமாக நின்று பார்த்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். அவள் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. வகுப்பே அந்த விரலைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை, எனக்கே பொறுமை போனது. அவள் அசையவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அடுத்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு நான் நட்சத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் தோன்றவும் இல்லை.

அந்தப் பதிவுகளுக்கு இன்னொரு உபயோகமும் வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, கையில் இலையும் தூளும் நூலும். கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பக்கம் வர நேரம் இருக்காது. பல தாய்மாருக்கு எழுத்தும் தெரியாது. நோட்டில் ‘மிக நன்று’ என்று எழுதி அனுப்பி என்ன பயன்? சாயங்காலம் போகிற வழியில் வாசலில் நின்று போனைப் போட்டுக் காட்டுவேன். கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், காது மட்டும் இங்கே இருக்கும். ஒருத்தி, “எம்பிள்ளையா டீச்சர் இவ்வளவு வாசிக்கி?” என்று கேட்டுவிட்டு நூலைக் கீழே வைத்துவிட்டாள். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்தேன், மெமரி கார்டில் இடம் இல்லை. இன்றைக்கு ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பதில் வருத்தம்தான். ஆனாலும் அது அந்தப் பிள்ளைகளின் குரல், நான் வைத்திருக்க வேண்டியதும் இல்லை.

உங்களிடம் இருக்கும் வசதியில் பத்தில் ஒரு பங்கு அன்றைக்கு என்னிடம் இல்லை. வகுப்புக்கு வகுப்பு மைக் வைத்த ஸ்மார்ட் போர்டு, அலமாரியில் பூட்டி வைத்த இருபது டேப். 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறி போட்டுப் பாட்டும் கதையும் அரசாங்கமே கொடுத்தது, காசில்லாமல். சிவப்புக் கட்டம் வரையத்தானா இவ்வளவு கருவி?

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், வழக்குப் போட அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது, பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் கட்டுப்பாடு வைக்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்கு உண்டே என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். விலக்கு, படிப்புக்கும் பாதுகாப்புக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் பெயரைச் சிவப்பில் எழுதி 42 வீட்டுக்கு அனுப்புவது இந்த இரண்டில் எது? ஜூன் கூட்டத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில், இந்த விவரம் எந்தக் கம்பெனிக்குப் போகிறது, எத்தனை வருடம் இருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி நான் கேட்பவை.

இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பட்டியலை எந்தக் குழுவுக்கும் அனுப்பாதீர்கள். பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். என் பேத்தி சென்ற வாரம் பச்சையில் இருந்தாள், அவள் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளின் ஸ்மார்ட் போர்டுகளிலிருந்து புள்ளி ஓரத்தை எடுத்துவிடுங்கள். கழிவு என்ற முறையே இந்த மூன்று வகுப்புக்கும் வேண்டாம். அதற்கும் முன்னதாக, தமிழ் பேசுவதற்குக் கழிவு என்பதை இன்றைக்கே எடுங்கள். அதற்கு எந்தக் கூட்டமும் கூட்ட வேண்டியதில்லை.

ஜூன் முதல் இன்றுவரை சேர்ந்த நடத்தைப் பதிவுகள் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பெற்றோர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அழித்துவிட்டதாக அந்தக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி எங்களுக்கு நகல் கொடுங்கள். மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு முன்னால் இரண்டாம் வகுப்பு மைனஸ் போய் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இம்மாத முடிவுக்குள் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கண், காது பரிசோதனை செய்யுங்கள். செலவு என்றால் சொல்லுங்கள், கண் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நான் போய்ப் பேசுகிறேன். இப்படி முகாம் நடத்த அவர்கள் தயங்க மாட்டார்கள். அந்தப் பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றுங்கள். அவன் அம்மாவிடம் முதல்வர் நேரில் பேச வேண்டும், போனில் அல்ல.

அடுத்த வருடம் அந்த ஆப்புக்குச் சந்தா கட்டும் முன், அந்தப் பணத்தில் இரண்டாம் வகுப்புக்கு இன்னோர் ஆசிரியை போட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முழுச் சம்பளத்துக்கு வராது என்று எனக்கும் தெரியும். பாதி நாளைக்காவது வரும். அலமாரியில் இருக்கும் டேப்களில் ஐந்தைத் திறந்து அந்த வகுப்புக்குக் கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் வாசிப்பைத் தாங்களே பதிந்து, தாங்களே கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பதியட்டும். இணையமும் ஆப்பும் வேண்டாம், எல்லா டேப்பிலும் குரல் பதியும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பதிவு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போகட்டும். தமிழிலும் பதியட்டும். மிஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுக்க வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். படியேறத்தான் சிரமம், தரைத்தள வகுப்பாக இருந்தால் நல்லது.

இரண்டு வாரத்துக்குள் முதல் மூன்று வகுப்புப் பெற்றோரை அழைத்து ஒரு கூட்டம் போடுங்கள். ஸ்லைடு போட்டுக் காட்டும் கூட்டமாக இல்லாமல், நாங்கள் பேச நீங்கள் கேட்கும் கூட்டமாக. குழுவிலிருந்து போய்விட்டவரையும் அதற்கு அழையுங்கள்.

எழுத்தில் பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும், வரும் வெள்ளிக்கிழமை 5.40-க்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் படம் வராமல் இருந்தால் அதையே உங்கள் முதல் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி,
இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளையின் ஆச்சி